ஜிஆர்86 காருக்கு 18×9.5 +22 வீல் பொருந்துமா? வேறு எந்த அளவு வாங்கலாம்?

கேள்வி இது: டொயோட்டா ஜிஆர்86, சஸ்பென்ஷன் உயரம் கம்பெனி வைத்தபடியே. தினமும் ஓட்டும் கார், வருடத்தில் சில முறை ட்ராக்குக்கும் போகும். 18×9.5 (விட்டம் 18, அகலம் 9.5 இஞ்ச்), ஆஃப்செட் +22 அளவில் பழைய அலாய் செட் ஒன்று மலிவாக வருகிறது. 235/40-18 டயர் போட்டால் உரசுமா? உரசினால் வேறு எதை வாங்குவது?

உரசும். உரசுவதற்கு முன்பே ஃபெண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த செட்டை விட்டுவிடுங்கள். ஏன் என்பதற்கான கணக்கைத் தெரிந்துகொண்டால், அடுத்து வரும் எந்த வீலையும் யாரையும் கேட்காமல் நீங்களே எடைபோடலாம்.

17 இஞ்ச் வீலோடு வரும் ஜிஆர்86-இல் ஸ்டாக் (கம்பெனி தந்த) அளவு 17×7.5, ஆஃப்செட் +48, டயர் 215/45-17. ஆஃப்செட் என்பது வீலின் அகலத்துக்கு நட்டநடுக் கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் வீல் மாட்டும் மையப் பகுதி) ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. + என்றால் அந்த முகம் வெளிப்பக்கம் இருக்கிறது, அதாவது வீல் காருக்குள் ஒதுங்கி நிற்கும். அகலத்தை மி.மீ-க்கு மாற்றிப் பாதியாக்குங்கள். ஆஃப்செட்டைக் கூட்டினால் ஹப்பிலிருந்து உள்பக்கம் எவ்வளவு போகிறது என்று கிடைக்கும். கழித்தால் வெளிப்பக்கம் எவ்வளவு என்று கிடைக்கும். ஸ்டாக் வீலுக்கு 7.5 இஞ்ச் 190.5 மி.மீ, பாதி 95.25. உள்ளே 143.25, வெளியே 47.25.

இப்போது 18×9.5 +22. பாதி 120.65. உள்ளே 142.65, வெளியே 98.65. உள்பக்கம் ஸ்டாக்கை விட அரை மி.மீ போலக் குறைவு. வெளிப்பக்கம் 51 மி.மீ அதிகம். வீல் 2 இஞ்ச் அகலமாகிறது, அந்த 2 இஞ்சும் முழுக்க வெளியேதான் போகிறது. ஸ்டாக் வீல் ஃபெண்டர் விளிம்புக்கு உள்ளே சுமார் 20 முதல் 25 மி.மீ ஒதுங்கி நிற்கும். அப்படியானால் இந்த வீல் ஒரு இஞ்சுக்கும் மேல் வெளியே நிற்கும். சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஃபெண்டர் விளிம்பு நேராக டயர் மேல் இறங்கும். கேம்பர் வைத்து, அதாவது வீலின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து, இதைச் சரிக்கட்ட முடியாது. இது அகன்ற ஃபெண்டர் கிட் பொருத்திய கார்களுக்கான அளவு. மலிவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டயர் பாடிக்கு வெளியே நீண்டால் வருடாந்திர பரிசோதனையில் காரைத் திருப்பி அனுப்பும் நாடுகளும் பல.

உரசல் மட்டுமே பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். +48-லிருந்து +22-க்கு வந்தால் வீலின் நடுக்கோடு 26 மி.மீ வெளியே நகர்கிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். அதுவும் அதே 26 மி.மீ மாறுகிறது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் இழுப்பது, சாலையில் உள்ள தடங்களின் பின்னாலேயே கார் ஓடுவது, ஒரு பக்க டயர் பள்ளத்தில் விழுந்தால் கையில் உதறல் வருவது எல்லாம் இதனால்தான். வீல் பேரிங்கிலும் சுமை நடுவிலிருந்து விலகி விழும். இந்தக் காரின் பெரிய சொத்தே அதன் ஸ்டியரிங். அதைக் கெடுத்துக்கொண்டு வாங்கும் அழகு எனக்கு நஷ்டக் கணக்காகவே படுகிறது.

டயர் அளவிலும் சிக்கல் இருக்கிறது. டயர் அளவில் முதல் எண் அகலம் (மி.மீ), இரண்டாவது சைட்வாலின், அதாவது பக்கச் சுவரின், உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம் விட்டம் (இஞ்ச்). 215/45-17 டயரின் மொத்த விட்டம் 625 மி.மீ. 235/40-18 டயரின் விட்டம் 645 மி.மீ, அதாவது 3.2 சதவீதம் பெரிது. 4.1 ஃபைனல் டிரைவை (சக்கரங்களுக்கு முன் உள்ள கடைசிப் பல் விகிதம்) 3.97 ஆக்கியது போன்ற விளைவு. முடுக்கம் அந்த அளவுக்கு மந்தமாகும். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும். உண்மை வேகத்தை விடக் குறைவாக மீட்டர் காட்டவே கூடாது என்பது ஐ.நா வாகன விதி 39. கம்பெனிகள் சற்றுக் கூட்டிக் காட்டும்படி வைத்திருப்பதால் 1 முதல் 2 சதவீதம் வரை பயமில்லை. 3-ஐத் தாண்ட வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? பெரும்பாலானவர்கள் வீலின் டிசைனைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதற்கு டயர் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் டயர் அகலம், அதற்கேற்ற ரிம் அகலம், பிறகு ஆஃப்செட், கடைசியில் விட்டம். விட்டத்தில் விதி ஒன்றுதான்: பிரேக்கைத் தாண்டும் மிகச் சிறிய அளவே நல்லது. 18-க்குப் போனால் எடை வெளி விளிம்புக்கு நகர்கிறது, சைட்வால் உயரம் குறைகிறது, டயர் விலையும் பெரும்பாலும் ஏறுகிறது. 250 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள ஒரு காருக்கு இது தேவையே இல்லை. 17 போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க நான்கு அளவுகள். ஸ்டாக் வீலை விட எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்ற கணக்கு இது:

17×8 +45: உள்ளே 3 மி.மீ, வெளியே 9 மி.மீ
17×9 +42: உள்ளே 13, வெளியே 25
18×8.5 +45: உள்ளே 10, வெளியே 16
18×9.5 +40: உள்ளே 17, வெளியே 33

முதல் அளவில் 225/45-17 டயர், விட்டம் 634. உயரம் மாற்றாத காரில் எந்த வேலையும் இல்லாமல் ஏறும். இரண்டாவதில் 245/40-17, விட்டம் 628. ஸ்டாக்குக்கு ஏறக்குறைய அதே விட்டம், கியரிங் மாறாது. ட்ராக்குக்குப் போகிறவர்கள் பலர் இதில்தான் வந்து நிற்கிறார்கள். மூன்றாவது 225/40-18, தோற்றத்துக்காக. நான்காவதை முன்பக்கம் கேம்பர் இல்லாமல் தொட வேண்டாம். கேம்பர் வைத்தாலும் ஃபெண்டர் விளிம்போடுதான் வாழ வேண்டும்.

ரிம் அகலம் பற்றி ஒரு எச்சரிக்கை. 9 இஞ்ச் என்பது டயரின் பீடு (ரிம்மைப் பிடிக்கும் விளிம்பு) உட்காரும் இரண்டு இடங்களுக்கு நடுவிலான அளவு. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு டேப் வைத்தால் சுமார் 10 இஞ்ச் வரும். பழைய வீல் விற்பவர் டேப் வைத்துச் சொல்லும் அளவை நம்பக் கூடாது. அகலமும் ஆஃப்செட்டும் ஸ்போக்கின் பின்புறமோ ஹப் முகத்தருகேயோ வார்ப்பில் பதிந்திருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

டயர் ரிம்மை விட எவ்வளவு புடைக்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். டயரின் அகலம் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் வைத்து அளந்தது. ரிம் அரை இஞ்ச் அகலமானால் டயரின் வயிறும் சுமார் 5 மி.மீ அகலமாகும். 245/40-17 டயருக்கு அளவு ரிம் 8.5; 9 இஞ்ச் ரிம்மில் ஏறினால் ஏறத்தாழ 253 மி.மீ. அதன்படி 17×9 +42 வீலில் அந்த டயரின் உள் சைட்வால் ஸ்டாக் டயரை விட 11 முதல் 12 மி.மீ உள்ளே போகும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், அடுத்த அளவெடுப்புக்கு இதுதான் வேண்டும். ஒரே 245 அளவில் ஒரு கம்பெனி டயர் இன்னொன்றை விடச் சில மி.மீ அகலமாக வருவதும் சகஜம்; தயாரிப்பாளரின் அட்டவணையில் செக்‌ஷன் அகலம் என்ற வரியைப் பாருங்கள்.

ஜிஆர்86-இன் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். டயரின் உள் சைட்வாலுக்கும் ஸ்ட்ரட் குழாய்க்கும் நடுவில் உள்ள சந்துதான் முன்பக்கத்தின் உண்மையான எல்லை. காரை ஜாக்கியில் தூக்காமல், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் ஆலன் கீ அல்லது ட்ரில் பிட்டின் பின்பகுதியை நுழைத்துப் பாருங்கள். எந்தத் தடிமன் சிக்காமல் கடைசியாகப் போகிறதோ அதுதான் சந்து. இரண்டு பக்கமும் எடுங்கள். இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்த எண்ணில் 12-ஐக் கழித்தால் 5 மி.மீ-யாவது மிஞ்ச வேண்டும். வளைவில் டயர் நெளியும், பேரிங்கும் துளி அசையும். 5-க்குக் கீழே போனால் ஆஃப்செட்டைக் குறைத்து வாங்குவதுதான் சுத்தமான வழி, 3 மி.மீ ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு) அடுத்த வழி.

கேம்பர் விஷயத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். ஃபெண்டரில் இடம் வேண்டும் என்று ஸ்ட்ரட்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போடுவார்கள். அது ஸ்ட்ரட்டை அசைக்காமல் வீலை மட்டும் மேல்பக்கம் உள்ளே சாய்க்கிறது. ஃபெண்டரில் கிடைத்த இடத்தை ஸ்ட்ரட் பக்கம் விலையாகக் கொடுக்கிறோம். இரண்டு நாளில் உள் சைட்வாலில் பளபளப்பான வட்டக் கோடு விழும். கவனிக்காமல் விட்டால் டயர் அறுந்துவிடும். மேலே போடும் கேம்பர் பிளேட் அப்படியில்லை. ஸ்ட்ரட்டின் தலையையே உள்ளே நகர்த்துவதால் வீலும் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாய்கின்றன. உள் சந்து மாறாது, வெளிச் சந்து மட்டும் கூடும். 17×9 போடுகிறவர்களுக்கு விலை அதிகமானாலும் பிளேட்தான் சரி. முன்பக்கம் 1.5 முதல் 2 டிகிரி எதிர்க் கேம்பர் போதும். கேம்பர் மாறினால் டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமும், கூடவே மாறும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் புது டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் கம்பி தெரியத் தேயும். பழியை எல்லோரும் கேம்பர் மேல் போடுவார்கள், தின்றது டோ.

காய்ல்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டிருந்தால் கணக்கை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் தட்டும் பூட்டு வளையமும் டயரின் மேல்பகுதிக்கு அருகே இறங்கி வந்திருக்கும். விட்டம் 10 மி.மீ கூடினால்கூட அங்கே முட்டலாம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பின்பக்கம் மல்டிலிங்க். உள்ளே இடம் தாராளம், வெளியேதான் நெருக்கடி. ஃபெண்டரின் உள்மடிப்பும், பம்பர் ஃபெண்டரோடு சேரும் மூலையில் உள்ள பிளாஸ்டிக் காதும்தான் டயரைக் கிழிக்கும் இடங்கள். மடிப்பை உருட்டித் தட்டையாக்குவது பழகிய ஆளின் வேலை: பெயிண்டைச் சூடாக்கி மெதுவாக, பல சுற்றில். குளிர்ந்த பெயிண்டில் அழுத்தினால் விரிசல் விட்டு, மழைக்காலத்தில் துரு அங்கேதான் தொடங்கும்.

முன்னும் பின்னும் ஒரே அளவு போடுங்கள். கம்பெனியே அப்படித்தான் தருகிறது. பின்னால் மட்டும் அகல டயர் போட்டால் கார் வளைவில் மூக்கை வெளியே தள்ளும்; டயரை முன்பின் மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் முடியாது.

ஹப் பக்கம் வருவோம். பிசிடி, அதாவது ஸ்டட்களின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும், 5×100, ஹப் துளை 56.1 மி.மீ, ஸ்டட் எம்12 × 1.25. மூன்றும் சுபாரு அளவுகள். இந்தக் காரும் சுபாரு பிஆர்இசட்டும் ஒரே உடல். டொயோட்டா சின்னத்தைப் பார்த்து டொயோட்டா நட் வாங்கி வருகிறவர்கள் உண்டு: அது 1.5 பிட்ச். முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், அதை ஏர் கன்னால் ஓட்டினால் ஸ்டட் போய்விடும். பழைய ப்ரியஸ், கொரோலா வீல்கள் சிலவும் 5×100 தான். ஆனால் துளை 54.1, ஹப் மேல் ஏறாது. ஃபோக்ஸ்வாகன் 5×100 வீலின் துளை 57.1, ஏறும், ஆனால் தளரும், வளையம் வேண்டும். 2004 டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ வீல் 5×100, 2005 முதல் 5×114.3. பெயரை மட்டும் கேட்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெளி வீல்களின் துளை பெரும்பாலும் 73.1 போலப் பெரிதாக இருக்கும். இடைவெளியை ஹப் வளையத்தால் நிரப்ப வேண்டும். ட்ராக்குக்குப் போவதால் அலுமினிய வளையம் வாங்குங்கள். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகும். காரின் பாரத்தைத் தாங்குவது நட் இறுக்கத்தில் பிறக்கும் உராய்வுதான், வளையம் இல்லை. வளையத்தின் வேலை வீலை மையத்தில் உட்கார வைப்பது. அது இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக பேலன்ஸ் செய்தாலும் வேகத்தில் உதறும். உதறல் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்வீல், இருக்கையில் தெரிந்தால் பின்வீல் என்று தேடலைத் தொடங்கலாம்.

வெளி வீல்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு நட். உருண்டை இருக்கையுள்ள நட்டைக் கூம்பு இருக்கையில் போட்டால் தொடும் பரப்பு ஒரு கோடு அளவுதான். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், நட் இரண்டு நாளில் தளரும். ஸ்பேசர் போட்டால் நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள்: ஸ்டட் தடிமன் 12 மி.மீ, பிட்ச் 1.25, ஆகவே 10 சுற்றாவது வேண்டும். 3 மி.மீ ஸ்பேசருக்கு மேல் போனால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டாதீர்கள். 5 மி.மீ அளவிலேயே ஹப்பின் உதடு வீலுக்கு எட்டாமல் போகத் தொடங்கும். அதற்கு மேல் தனக்கென உதடு உள்ள ஸ்பேசர்தான்.

பிரேக் விஷயம் சுருக்கமானது. சாதாரண காலிப்பர் என்றால் கிட்டத்தட்ட எந்த 17 இஞ்ச் வீலும் பொருந்தும். பிரெம்போ பேக்கேஜ் (பெரிய பிரேக்) உள்ள காரில் முன் டிஸ்க் 326 மி.மீ, 17 இஞ்ச் வீலில் விட்டம் போதும், ஸ்போக்கின் வளைவு போதாமல் போகலாம். ஆஃப்செட் எண் அதைச் சொல்லாது. தயாரிப்பாளர் தரும் காலிப்பர் வடிவ வரைபடத்தை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துப் பாருங்கள், 3 மி.மீ-யாவது இடைவெளி வேண்டும்.

வீலின் தரத்துக்கு ஜப்பானிய ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகளைப் பாருங்கள். வார்ப்பு வீல் மலிவு, கனம். வார்த்தபின் உருளையால் பீப்பாயை இழுத்து மெல்லியதாக்கும் ஃப்ளோ ஃபார்ம் வகை நடுத்தர விலையில் நல்ல பேரம்; 17×9 அளவில் 8 கிலோ பக்கம் கிடைக்கும். ஃபோர்ஜ்டு வீல் இலேசானது, பலமானது, விலைதான் கடிக்கும். பழைய செட் என்றால் உள் பீப்பாயைத் துடைத்து, ஸ்போக் பீப்பாயோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் உண்டா என்று விளக்கடியில் பாருங்கள். வெல்டிங் வைத்த தடம் இருந்தால் வேண்டாம். புதிதாகப் பெயிண்ட் அடித்த பழைய வீல் என்றால் சந்தேகம் இன்னும் அதிகமாகட்டும். பணம் கொடுக்குமுன் டயர் கடையில் பேலன்சரில் வெறும் ரிம்மைச் சுழற்றிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகாது.

டயர் இனம்: தினசரி ஓட்டம் அதிகம் என்றால் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் வகை, மழையிலும் நம்பலாம். ட்ராக் அதிகம் என்றால் ட்ரெட்வேர் (தேய்மானக் குறியீடு) 200 வகை, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் அல்லது யோகோஹாமா நியோவா ஏடி09. இவை சூட்டைத் தாங்கும். தேங்கிய நீரிலும் குளிர்காலையிலும் முதல் வகை அளவுக்கு நம்ப முடியாது, சீக்கிரம் தேயும், இரைச்சலும் உண்டு. ஸ்டாக் டயரின் சுமைக் குறியீடு 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. புது டயர் அதற்குக் கீழே இருக்கக் கூடாது. சைட்வாலில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம்.

ஆகவே உங்கள் காருக்கு, கேம்பர் பிளேட் போடும் எண்ணம் இல்லை என்றால், 17×8 +45 வீலும் 225/45-17 டயரும். பிளேட் போடத் தயார், ட்ராக்கில் நேரம் குறைய வேண்டும் என்றால் 17×9 +42, 245/40-17.

பொருத்தும் நாளில் ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். அங்கே துளி பொருக்கு இருந்தாலும் வீல் சாய்ந்து உட்காரும். ஸ்டட்டில் எண்ணெய் பூசாதீர்கள். டார்க் எண் உலர்ந்த மரைக்கானது, எண்ணெய் இருந்தால் அதே எண்ணில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். வீல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஐந்து நட்டையும் கையால் கடைசி வரை ஏற்றி, நட்சத்திர வரிசையில் முதலில் 60, பிறகு காரை இறக்கி 120 நியூட்டன் மீட்டர். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின், வீல் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள். புது வீலில் பெயிண்ட் அமுங்கி நட் இளகுவது வழக்கம்.

பிறகு உரசல் சோதனை. வீல் வளைவின் உள் லைனரிலும் ஃபெண்டர் மடிப்பிலும் சாக்பீஸ் பூசுங்கள். பின் இருக்கையில் இருவர், டிக்கியில் கொஞ்சம் சுமை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுங்கள். ஒரு சரிவான நுழைவில் கோணலாக ஏறி இறங்குங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் தொடும் இடம். பின்னோக்கி முழுத் திருப்பத்தில் லைனரை மட்டும் லேசாக நக்கினால் கவலை வேண்டாம், ஒரு கிளிப்பை இறுக்கி லைனரைப் பின்னுக்கு இழுத்தால் தீரும். ஃபெண்டர் மடிப்பிலோ ஸ்ட்ரட்டிலோ அழிந்திருந்தால் அன்றே வீலைக் கழற்றுங்கள்.

டயர் அழுத்த சென்சர் உள்ள காராக இருந்தால் அலைவரிசை பார்த்து வாங்குங்கள்: 315 மெகாஹெர்ட்ஸ், 433 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு உண்டு. காற்றழுத்தத்தைக் கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள எண்ணிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கான) குறி உள்ள டயர் என்றால் அதே சுமைக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ கூடுதலாக வைக்கலாம்.